சங்க முற்றத்தில் கல் பாவுதல்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

தறியில் நீளவாக்கில் விரித்துக் கட்டும் நூலுக்குப் பாவு என்று பெயர். தரையில் கல்லை வரிசையாகப் பரப்பும் வேலைக்கும் பாவுதல் என்றே பெயர். இரண்டிற்கும் பரப்புதல் என்பதே அடிப்படைப் பொருள். பாவு சீராக இல்லாவிடில், ஊடை எவ்வளவு உயர்ந்ததாயினும் துணி கெடும் என்பதை நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர். தரை வேலையும் அவ்விதமே. கண்ணுக்குத் தெரியும் கல்லைக் காட்டிலும், அதனடியில் மறைந்து கிடக்கும் ஜல்லியும் மணலுமே முற்றத்தின் ஆயுளை நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையை விளக்கி, சங்கப் பணம் மண்ணில் புதையாமல் காப்பதற்கு வழி கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கில், குமுளிக்கு ஏறும் மலைப்பாதைக்குச் சற்று முன்பாக அமைந்த ஊர். கொல்லத்திலிருந்து கோட்டயம், குமுளி வழியாகத் தேனிப் பக்கம் வரும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. பள்ளத்தாக்கின் திராட்சையும் வாழையும் தேங்காயும் காய்கறியும் இச்சாலையில் லாரி ஏறுகின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெற்ற சரக்கேயாயினும், பழம் உதிராமல் கிட்டங்கி வாசலிலிருந்து லாரிக்குச் சேர வேண்டுமானால், அவ்வாசல் குண்டும் குழியுமாக இருத்தல் ஆகாது. ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் பகுதி நெசவாளர்களுக்கோ நூல் சிப்பம் சேற்றில் விழுந்தால் நஷ்டம். கறை படிந்த நூலைச் சேலைக்கு எடுப்பாரில்லை.

ஆதலின், பல சங்கங்கள் முற்றத்துக்குப் பேவர் பிளாக் எனப்படும் கான்கிரீட் கல்லைப் பாவ முன்வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், பாவிய இரண்டாவது மழைக்காலத்திலேயே லாரிச் சக்கரம் ஓடிய தடம் இரண்டு வாய்க்கால்களாகத் தாழ்ந்துபோன முற்றங்களை நாம் ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் காண்கிறோம். தாழ்ந்த இடத்தில் நீர் தேங்குகிறது; பாசி படர்கிறது; தலையில் கூடை சுமந்து வரும் பெண்கள் வழுக்கி விழுகின்றனர். பொதுப்பேரவையில் கேள்வி எழும்போது, “கல் மட்டம்” என்ற பதிலே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. உண்மையில் குற்றம் கல்லினுடையது அன்று.

1. கல் பாவு எவ்விதம் சுமை தாங்குகிறது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாலந்து நாட்டில் செங்கற்களுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. அங்குத் தெருக்களில் செங்கல் பாவுவது நெடுநாளைய வழக்கம். செங்கல்லின் இடத்தில் அதே அளவில் கான்கிரீட் கல்லைச் செய்து பாவினர். பின்னர் ஜெர்மனியில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வளைந்த வடிவங்களில் கற்கள் செய்யப்பட்டன. உலகெங்கும் பரவிய இம்முறைக்கு நம் நாட்டில் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2004-இல் வழிகாட்டி நூல் வெளியிட்டது.

ஒற்றை நூல் ஒரு பாரத்தைத் தாங்காது. பாவும் ஊடையும் பின்னிய துணி தாங்கும். அதுபோல் தனிக்கல் ஒன்றின்மீது சக்கரம் ஏறினால், அச்சுமை கற்களுக்கிடையே உள்ள மணலின் வழியாகப் பக்கத்துக் கற்களுக்கும் பகிரப்படுகிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இடைவெளிகள் மணலால் நிறைந்திருக்க வேண்டும். ஓரங்கள் நகராதிருக்க வேண்டும். அடித்தளம் அமுங்காதிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் கற்கள் கூட்டுறவை இழந்து தனித்தனியாகி விடுகின்றன.

2. நிலமும் நீரும்

கல் பாவுக்கு முதல் எதிரி தேங்கும் நீர். கூடலூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் மலைப்பக்கத்துச் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே மாசி முதல் சித்திரை வரையுள்ள வறண்ட நாட்களே இவ்வேலைக்கு ஏற்ற காலம். ஈர மணலில் கல் பாவினால் மட்டம் நில்லாது. இடைவெளிகளில் மணலும் இறங்காது.

வேலை தொடங்குமுன், நீர் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்க. 50-க்கு 1 என்ற வாட்டம் போதுமானது. அதாவது ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் 2 செ.மீ. சரிவு. 12 மீட்டர் அகலமுள்ள முற்றத்தில் நடுவே முதுகு விட்டு இருபுறமும் சரித்தால், ஒவ்வொரு பக்கத்திலும் 12 செ.மீ. இறக்கம் வரும். கிட்டங்கிச் சுவரை நோக்கி ஒருபோதும் சரிக்கலாகாது. டியூப் மட்டம் வைத்து முளைகளில் குறியிட்டு நூல் கட்டுவது அவசியம். கண்மட்டத்தை நம்புதல் கூடாது.

வழிந்தோடும் நீரைத் தெருவில் விடுவதைவிட, ஒரு மூலையில் கசிவுக்குழி அமைத்து அதில் இறக்குவது நன்று. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. பெய்த மழை கிணற்றுக்கு ஊறினால் பயன் அங்கத்தினருக்கே. முற்றத்தில் வேப்பமரம் இருக்குமாயின், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாகவே விடுக. அடி வரை பாவினால் வேர் கல்லைத் தூக்கும், மரமும் வாடும்.

3. தோண்டுதலும் அடித்தளமும்

தோண்ட வேண்டிய ஆழத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சரக்கு லாரி வந்து திரும்பும் முற்றத்துக்கு, கிராவல் மண் 150 மி.மீ., அதன்மேல் ஜல்லித் தளம் 200 மி.மீ., மணற்படுகை 30 மி.மீ., கல் 80 மி.மீ. ஆக மொத்தம் 460 மி.மீ. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் காரும் மட்டும் வரும் வாசலுக்கு, கெட்டியான நிலமாயின் ஜல்லி 150, மணல் 30, கல் 60 ஆக 240 மி.மீ. போதும்.

மேலாகவுள்ள கரிசத்துள்ள மண்ணை முழுவதும் அகற்ற வேண்டும். வேரும் தழையும் உள்ள மண் மக்கி அமுங்கும். அம்மண்ணை அங்கத்தினரின் தென்னம்பாத்திகளுக்கு அனுப்பினால் வீணாகாது. வயலாக இருந்து மேடாக்கிய களிமண் நிலமாயின், அது ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். அவ்விடத்தில் கிராவல் மண்ணைக் குறைப்பது ஆபத்து.

கிராவலையும் ஜல்லியையும் ஒரே தடவையில் கொட்டி உருட்டலாகாது. 10 முதல் 15 செ.மீ. வரையுள்ள அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் இறுக்க வேண்டும். கிராவல் மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது. அதுவே சரியான பதம். ஜல்லி ஒரே அளவாக இல்லாமல் பெரிதும் சிறிதும் தூளும் கலந்திருந்தால்தான் இடைவெளியின்றி இறுகும். வேலை முடிந்தபின் சரக்கேற்றிய டிராக்டரை அத்தளத்தின்மீது மெதுவாக ஓட்டுக. சக்கரத் தடம் பதிந்தால் தளம் இன்னும் தயாராகவில்லை என்று அறிக. மூன்று மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அடியில் 10 மி.மீ.க்கு மேல் சந்து காணக்கூடாது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளங்களைத் தனியே கவனித்து அடுக்கடுக்காக இறுக்குக. பிற்காலத்தில் தாழும் இடங்களில் பல இவையே.

வரப்பில்லாத வயலில் நீர் நில்லாது. ஓரக்கல் இல்லாத முற்றத்தில் கல் நில்லாது. நான்கு பக்கமும் கான்கிரீட் ஓரக்கல்லை, மணற்படுகைக்கும் கீழே இறங்கும்படி நட்டு, வெளிப்புறம் கான்கிரீட் அணைப்புக் கொடுக்க வேண்டும். ஓரத்தில் வெறும் சிமெண்டுப் பூச்சை இழைத்து முடிப்பது அணைப்பு ஆகாது. முதல் லாரி திரும்பும்போதே அது விண்டுவிடும்.

4. கல்லைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியத் தர நிறுவனம் கான்கிரீட் பாவு கற்களுக்கென 15658 என்ற எண்ணுள்ள தர விதியை 2006-இல் வெளியிட்டு, 2021-இல் திருத்தியுள்ளது. 2006 பதிப்பில், இலகுவான போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்-35 தரமும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. கனமும் எம்-40 தரமும் கூறப்பட்டன. எம்-40 என்றால், 28 நாள் முதிர்ந்தபின் சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன், அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 400 கிலோ அழுத்தத்தைத் தாங்கும் கல் என்பது பொருள். நீர் உறிஞ்சுதல் சராசரி எடையில் 6 சதவிகிதத்துக்கு மிகலாகாது என்றும் அதில் கூறப்பட்டது. கொள்முதலின்போது திருத்திய பதிப்பின்படி ஆய்வுச் சான்றிதழ் கேட்டுப் பெறுக.

வண்ணமும் பளபளப்பும் பலத்துக்குச் சாட்சி அல்ல. இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்ற ஓசை வர வேண்டும். உடைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு போன்ற பொந்துகள் இருக்கலாகாது. மூலைகள் விரலால் தேய்த்தால் உதிரலாகாது. கனத்தை அளவுகோலால் நாமே அளக்க வேண்டும். இவை ஐயத்தை எழுப்பப் பயன்படும். ஐயத்தைத் தீர்ப்பது ஆய்வுக்கூடம் ஒன்றே. வந்திறங்கும் கற்களில் நாமே பொறுக்கிய மாதிரிகளை அங்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தக்காரர் பொறுக்கித் தருவனவற்றை அன்று.

5. மணற்படுகையும் பாவுதலும்

படுகைக்கு 4.75 மி.மீ. சல்லடையில் சலித்த பருமணல் அல்லது எம்-சாண்ட் வேண்டும். கிரஷர் தூளைப் பரப்புவது எங்கும் காணும் தவறு. அதிலுள்ள மாவு நீரைப் பிடித்துக்கொண்டு சேறாகும். மணலில் வண்டல் எவ்வளவு என்றறிய எளிய சோதனை உண்டு. கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மணலும், அதற்குமேல் உப்புநீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வைக்கவும். மணலின் மீது தனி அடுக்காகப் படிவது வண்டல். அவ்வடுக்குத் தடித்திருந்தால் மணலைக் கழுவாமல் ஏற்கக்கூடாது.

மணலை எங்கும் ஒரே கனமாக, இரு குழாய்களைத் தண்டவாளமாக வைத்து மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்க. ஜல்லித் தளத்தின் பள்ளத்தை மணலால் நிரவுதல் பெருந்தவறு. கனமாக மணல் உள்ள இடம் அதிகம் அமுங்கி, மூடிய பள்ளமே மீண்டும் தலைகாட்டும். இழுத்த மணலின்மீது யாரும் நடக்கலாகாது. பாவுபவர் பாவிய கல்லின் மீதே நின்று முன்னேற வேண்டும்.

நேரான ஓரத்திலிருந்து தொடங்கி, நூல் கட்டி, கற்களுக்கிடையே 2 முதல் 4 மி.மீ. சந்து விட்டு வைத்துச் செல்க. லாரி வந்து திரும்பும் முற்றத்தில், ஒரு கல் நெடுக்காகவும் அடுத்த கல் குறுக்காகவும் மாறிமாறி வரும் மீன்முள் அமைப்பே சிறந்தது. ஒரே திசையில் அடுக்கிய வரிசைகள் சக்கரத்தின் தள்ளலில் நகர்ந்துவிடும். ஓரங்களுக்குக் கல்லைக் கட்டரால் அறுத்துப் பொருத்த வேண்டும். முழுக் கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய துண்டைப் பயன்படுத்தலாகாது.

அன்று பாவியதை அன்றே இறுக்குக. அதிர்வுத் தட்டு இயந்திரத்தை முதலில் இருமுறை ஓட்டி, பின்னர் 2.36 மி.மீ. சல்லடையில் சலித்த காய்ந்த நுண்மணலைத் தூவிப் பெருக்கி, சந்துகள் நிறையும் வரை மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டும். அணைப்பில்லாத ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே இயந்திரத்தை நிறுத்துக. சந்து மணலில் சிமெண்டைக் கலப்பது பலமென்று பலர் கருதுகின்றனர். அது சந்தை விறைக்கச் செய்து, கற்கள் சிறிதளவு அசையும்போது வெடிக்கிறது. வெடித்த கோட்டின் வழியே நீர் இறங்கும். மணல் ஒன்றே போதும். முதல் மழைக்குப் பின் சந்துகளை மீண்டும் ஒருமுறை நிரப்புக.

6. மேற்பூச்சு அவசியமா?

கற்களின்மீது சீலர் என்னும் மேற்பூச்சுப் பூசும் வழக்கமும் வந்துள்ளது. இதில் இரு வகை உண்டு. ஒன்று மேலே படலமாகப் படிந்து பளபளப்புத் தருவது. மற்றொன்று கல்லுக்குள் ஊறி நீரை விலக்குவது. எண்ணெய், சாயம் முதலிய கறைகள் ஊறாமல் தடுப்பதும், சந்து மணல் அரித்துப் போகாமல் பிடிப்பதும் இதன் பயன். சாயப்பட்டறை வாசலிலும், லாரி நின்று எண்ணெய் சொட்டும் இடத்திலும் இது உபயோகமாகும். முற்றம் முழுவதற்கும் இன்றியமையாததன்று. தாழ்ந்த தரையைப் பூச்சு உயர்த்தாது.

புதிய கல்லில் சில வாரங்களில் வெண்ணிறப் பூப்பு தோன்றுவதுண்டு. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து மேலே வந்து காற்றுப்பட்டு உறைவதே அது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் ஆனது என்பதை நம் பள்ளத்தாக்கில் அறியாதாரில்லை. அத்தகைய பழங்கட்டடங்களிலும் கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதைக் காணலாம். கல்லில் தோன்றும் பூப்பு குற்றமன்று. மழையிலும் நடமாட்டத்திலும் நாளடைவில் மறையும். அது மறையுமுன் பூச்சுப் பூசினால் வெண்மை அடியில் சிறைப்பட்டு விடும். ஆதலின் இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்து, கழுவி, சந்து வரை நன்றாகக் காய்ந்தபின், உச்சி வெயில் தவிர்த்து, மெல்லிய பூச்சாக இருமுறை பூச வேண்டும். தடித்துப் பூசினால் மழையில் வழுக்கும். கூடை சுமப்போர் நடக்கும் வழியில் பளபளப்புப் பூச்சு வேண்டவே வேண்டாம்.

7. பழுது பார்த்தல்

இம்முறையின் பெருஞ்சிறப்பு இங்கேதான் உள்ளது. அறுந்த இழையை முடிந்து நெய்வது போல், கெட்ட இடத்தை மட்டும் பிரித்து, அதே கற்களைக் கொண்டு மீண்டும் பாவலாம். கான்கிரீட் தளத்தைப் போல் உடைத்தெறிய வேண்டியதில்லை.

முதலில் காரணத்தைக் காண்க. குழாய் கசிகிறதா? ஓரக்கல் சாய்ந்து மணல் வழிந்ததா? எறும்பு மணலை வெளியேற்றியதா? அடித்தளமே அமுங்கியதா? காரணத்தை நீக்காமல் மேலே மணல் போட்டு உயர்த்தினால், அடுத்த மழையில் அதே பள்ளம் வரும்.

பின்னர், தாழ்ந்த இடத்துக்கு வெளியே இரண்டு வரிசை கற்கள் வரை சுண்ணக்கட்டியால் குறியிடுக. சந்து மணலைத் தகட்டால் சுரண்டி எடுத்து, முதற்கல்லை இருபுறமும் தட்டையான கம்பியிட்டு நெம்பி எடுக்க. முதற்கல்லே கடினம், மற்றவை எளிதில் வரும். கற்களின் பக்கங்களில் ஒட்டிய மணலை நீக்கி வரிசையாக அடுக்குக. பழைய படுகை மணலை அகற்றி, ஜல்லித் தளத்தில் குறையுள்ள அளவுக்கு ஜல்லி இட்டு, 10 செ.மீ. அடுக்குகளாக இறுக்குக. புதுமணல் பரப்பி, கற்களைச் சுற்றுப்புறத்தைவிடச் சில மில்லிமீட்டர் உயர்வாக வைத்து, அதிர்வுத் தட்டால் இறக்கிச் சமப்படுத்துக. இறுதியில் சந்துகளை மணலால் நிரப்புக.

பாசியைக் கெட்டித் துடைப்பத்தால் தேய்த்து, நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவலாம். அமிலம் ஊற்றுவது கூடாது; அது சிமெண்டையே அரிக்கும். ஆண்டுதோறும் சாரலுக்கு முன்பும் ஐப்பசிக்கு முன்பும் சந்துகளைப் பார்த்து மணல் நிரப்பினால், பெரும் பழுதுகள் பெரும்பாலும் வரா.

8. சங்கப் பணமும் அளவுகோலும்

30 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள ஒரு முற்றத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 360 சதுர மீட்டர். 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள கல் சதுர மீட்டருக்கு 50 ஆக, 18,000 கற்கள். சேதத்துக்கு 3 சதவிகிதம் சேர்த்தால் 18,540. இறுகிய நிலையில் ஜல்லி 72 கன மீட்டர்; படுகை மணல் 10.8 கன மீட்டர்.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். 80 மி.மீ.க்குப் பதில் 60 மி.மீ. கல் வைத்தால் குறையும் கான்கிரீட் 7.2 கன மீட்டர். அதாவது நான்கில் ஒரு பங்கு. ஜல்லித் தளத்தில் 50 மி.மீ. மட்டும் குறைத்தால், குறையும் ஜல்லி 18 கன மீட்டர். 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் 6 யூனிட்டுக்கும் மேல். கல்லின் கனக்குறைவை ஓரத்தில் பார்த்தால் கண்டுவிடலாம். ஜல்லிக் குறைவை மூடியபின் ஒருவராலும் காண இயலாது. நஷ்டம் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது.

ஆதலின் நிர்வாகக் குழுவினர் மூன்று கட்டங்களில் நேரில் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்: தோண்டி முடித்தவுடன், ஜல்லித் தளம் இறுகியவுடன், மணற்படுகை இழுத்தவுடன். ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது மூன்று இடங்களில் ஆழம் பார்க்க. முந்தைய கட்டம் ஏற்கப்படாமல் அடுத்த கட்டம் தொடங்கலாகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுக. விலைப்புள்ளி கேட்கும்போது “பேவர் பிளாக் பாவ, சதுர அடிக்கு இவ்வளவு” என்று ஒரே வரியில் கேட்காமல், கிராவல், ஜல்லி, மணல், கல், ஓரக்கல் ஒவ்வொன்றின் கனத்தையும் தரத்தையும் குறித்துக் கேட்க வேண்டும். இல்லையேல் ஒருவர் 200 மி.மீ. ஜல்லிக்கும் மற்றொருவர் 100 மி.மீ. ஜல்லிக்கும் விலை சொல்வர். குறைந்த விலை உண்மையில் குறைந்த வேலையாக முடியும். ஏற்றுக்கொண்ட மாதிரிக் கல் ஒன்றைக் கையொப்பமிட்டு அலுவலகத்தில் வைத்துக்கொள்க. தொகையில் ஒரு பகுதியை, ஒரு மழைக்காலம் கடந்த பின்னரே கொடுப்பதென்று நிபந்தனை செய்க.

இவையனைத்தும் ஒப்பந்தக்காரர்மீது ஐயங்கொள்ளச் சொல்லும் யோசனைகள் அல்ல. நேர்மையாக வேலை செய்பவருக்கு அளவுப் புத்தகமே பாதுகாப்பு. அங்கத்தினர் ஒவ்வொருவரும் அளவுகோலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால், கட்டட நிதி செலவழிந்த இடத்தில் பல ஆண்டுகள் நிலைக்கும் முற்றம் இருக்கும்.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் சங்க முற்றத்தில் மழைநீர் இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது? எந்தப் பக்கம் ஓட வேண்டும்?
2. 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள முற்றத்துக்கு எத்தனை கற்கள், எத்தனை கன மீட்டர் ஜல்லி தேவை?
3. சந்து மணலில் சிமெண்டு கலக்கலாகாது என்பதற்குக் காரணம் யாது?
4. ஒரே இடம் இருமுறை தாழ்ந்தால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?
5. ஜல்லித் தளத்தை மூடுமுன் அளந்து பார்க்க நம் சங்கத்தில் யாருக்குப் பொறுப்பு அளிக்கப்பட்டுள்ளது?